மூணு இஞ்ச்

போன மழையில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
மூக்கு வழியாகத் தண்ணீர் குடித்து
நின்றுபோனது என் பிக்கப்.
பின்னால் இருபது பாளம் ஐஸ்.
உருகி, வந்த வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது
ஊர்க்காரனைக் கண்ட மாதிரி.

அதனால்தான் தூக்கினேன்.
பின்பக்கம் கூடுதலாக இரண்டு பட்டை, நீள ஷேக்கிள்,
முன்பக்கம் ஸ்பேசர், புது ஷாக் அப்சார்பர்,
அடகுக் கடையில் ஒரு ஜோடி கம்மல்.

மூலக்கொத்தளம் ஜபருல்லா
பனியனில் கை துடைத்துக்கொண்டே சொன்னார்:
"தூக்குறது ஒரு நாள் வேலை.
தூக்குனத நிக்க வெக்கிறது
வண்டி கீற வரைக்கும் வேலை.
புது இரும்பு உக்கார எடம் தேடும், நட்டு எளகும்.
ஐந்நூறு ஓடுனதும் டைட் வெச்சிடு.
அப்பால பாத்துக்கலாம்னு போனவன்லாம்
கிரேன்லதான் வந்து எறங்குனான்."

ஐந்நூறு கிலோமீட்டர்
எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும் நடுவே
ஒன்பது நாளில் தீர்ந்துவிடும்.
போகும்போது ஐஸ், திரும்பும்போது எர்ணாவூர்வரை மீன்கூடைகள்.
கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலையில்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சத்தம் வைத்திருக்கிறது வண்டி.
பழைய சத்தங்கள் மனப்பாடம்.
தூக்கிய பிறகு வந்தவற்றுக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.
டோல்கேட் மேட்டில் ஒரு முனகல்.
திருச்சினாங்குப்பம் திருப்பத்தில் 'டிக்'.

விடிய இன்னும் நேரமிருக்கிறது.
ஐஸ் ஃபேக்டரி மதிலோரம்
அட்டையை விரித்து அடியில் நுழைகிறேன்.
டார்ச் பல்லிடுக்கில்.
யூ போல்ட் நட்டு எட்டு.
குறுக்கு மறுக்காக முறுக்கியதில் ஏழு அசையவில்லை.
எட்டாவது கால் சுற்று உள்ளே போனது,
பொய் சொல்லி மாட்டியவன்
எச்சில் விழுங்குவது போல.

கடற்காற்று அதற்குள் நட்டின் கழுத்தில்
காவிப் பொடி பூசியிருக்கிறது.
கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன்.
கிரீஸ் கன்னை நிப்பிளில் மாட்டி அழுத்தினேன்,
பழைய கறுப்பு பிதுங்கி விழுந்து
புதுசு தேன் நிறத்தில் எட்டிப் பார்க்கும்வரை.
புஷ்ஷை நகத்தால் கீறிப் பார்த்தேன், வெடிப்பில்லை.
பிரேக் ஓஸ் மட்டும்
தன் நீளத்துக்கு மேல் இழுபட்டு,
பள்ளிக்கூட வரிசையில்
குதிகால் தூக்கி நிற்கும் பிள்ளை மாதிரி.
நீளமானது வாங்க வேண்டும். இன்றைக்கே.
பணம் வந்தாலும், வராவிட்டாலும்.

அடியிலிருந்து பார்த்தால்
காசிமேடு முழுக்கக் கால்கள்தான்.
தெரிந்த கால்கள் ஒரு ஜோடி வந்து நின்றன.
நீல ரப்பர் செருப்பு, மீன் செதில் ஒட்டிய கணுக்கால்.
மல்லிகேஸ்வரி.
குதிகால்கள் எழும்பின.
இறங்கின.
மறுபடி எழும்பின.
மேலே அன்னக்கூடை தகரத்தில் உரசி ஏறியது.
'டிக்.'
வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது.
அது வண்டியின் சத்தமில்லை.

"வண்டி ஒசந்துச்சு, சரி.
நான் எங்கடா போயி ஒசர்றது?
ஒம்போது நாளா தோப்பட்ட கழண்டு வருது.
அதுக்கு இன்னா ஸ்பானர் வெச்சிகீற?"

வாயில் டார்ச் இருந்தது
வசதியாகப் போயிற்று.

மழைத் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் அளந்தேன்.
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் வைத்து அளந்தேன்.
இரண்டு வருஷமாக என் வண்டியில் கூடை ஏற்றுகிறவளின்
தோளை அளக்கத் தோன்றவில்லை.

ஊர்ந்து வெளியே வந்து,
படகுத் துறையில் கிடந்த மரக்கட்டை ஒன்றைப் புரட்டி
பின்கதவுக்குக் கீழே போட்டேன்.
அவள் ஒரு காலை வைத்துப் பார்த்தாள்.
"ஆடுது."
படுத்திருந்த அட்டையைக் கிழித்து
நாலாய் மடித்து அடியில் செருகினேன்.
"இப்போ?"

இரண்டாவது கூடையை ஏற்றிவிட்டு
இறங்கும்போது சொன்னாள்:
"இப்போ பரவால்ல.
நாளிக்கும் பாரு."